நல்லதண்ணியோ, சவரோ

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
குடிக்க உகந்தது. உகந்ததல்ல.
வேலணை, சரவணை, புளியங்கூடல் என்று
இன்றைக்குப் பதினேழு கிணறு.
கையில் உப்பளக்கும் மீற்றர்,
பையில் முப்பது போத்தல்,
கண்ணுக்குள் சோளகம் அள்ளிப் போட்ட மண்.

கப்பியில் வாளியை இறக்கியபடி
செபமாலை அக்கா கேட்டா:
"பிள்ளை, எங்கேயோ ஒரு கிரகத்தில
தண்ணி இருக்குமாம், றேடியோவில சொன்னவங்கள்.
நல்லதண்ணியோ, சவரோ?"

மூன்று வருசம் விஞ்ஞானம் படித்தேன்.
அங்கே ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

அவர்கள் கேட்பது வேறு.
சூரியனுக்கு எவ்வளவு தூரம்?
கிட்டப் போனால் கடல் ஆவியாகிப் போய்விடும்,
எட்டப் போனால் இறுகிக் கல்லாகிவிடும்;
அடுப்படியில் பாயை எங்கே விரிப்பது என்ற கணக்கு.
பிறகு கனம்.
செவ்வாய் மெலிந்தவன், காற்றைக் கைநழுவ விட்டான்.
வெள்ளி இழுத்துப் போர்த்தி வெந்துபோனாள்.
நடுவயிற்றில் உருகிய இரும்பு
ஓயாமல் சுழல வேண்டும் என்றும் சொன்னார்கள்.
அக்காவுக்கு இதெல்லாம் சொல்லவில்லை.
வாளி மேலே வந்துவிட்டது.

ஆறில்லாத ஊர். மலையில்லை.
ஐப்பசி கார்த்திகையில் விழுவதுதான் வருமானம்.
அது கல்லுக்குள் இறங்கி
கடல்நீரின் முதுகில் ஏறிப் படுத்திருக்கிறது,
பாலில் ஆடை போல.
கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால்
கீழே நாற்பதடி உப்பை அமத்தி வைத்திருக்கும்.
அந்த ஓரடியை மோட்டர் குடித்துவிட்டால்
நாற்பதடியும் எழும்பி வரும்.
கடன்காரனாவது படலையைத் தட்டுவான்.

கைவிளக்கைக் கிணற்றுச் சுவரில் பிடித்தேன்.
ஒரு சிப்பியின் விளிம்பு.
பவளத்தின் பொந்துகள்.
பெயர் தெரியாத எதுவோ ஒன்றின் சுருள்.
எத்தனையோ இலட்சம் வருசம் முன்னால்
தம்பாட்டில் ஓடு கட்டி, செத்து, அமிழ்ந்தவை.
அந்த ஓட்டைகளுக்குள்தான்
நாங்கள் குடிப்பது நிற்கிறது.

முதலில் வாழத்தக்க இடம், பிறகு உயிர் என்று
பாடப்புத்தகம் வரிசை போட்டிருந்தது.
இந்தக் கிணற்றில் வரிசை கலைந்து கிடக்கிறது.
யோசித்தால், மூக்கால் இழுக்கிற ஒட்சிசன்கூட
ஏதோ ஒரு பாசி
வேண்டாமென்று வெளியே விட்டது.

மீற்றர் எல்லையைத் தாண்டி நின்றது.
வேலிக்கு அப்பால் இரண்டு குதிரைவலு மோட்டர்
விடாமல் இரைந்தது.
"அவையளையும் என்னெண்டு சொல்லுறது,
வெங்காயம் வாடுதெல்லே" என்றா அக்கா.

அப்போதுதான் கீழே ஏதோ அசைந்தது.

"தொண்ணூறில வெளிக்கிட்டனாங்கள்.
பதினொரு வருசத்தால வந்து
பத்தையை வெட்டிப்போட்டு எட்டிப் பாத்தால்
எங்கட ஆமை.
தம்பி ஆணியால கீறின சிலுவை
ஓட்டில அப்பிடியே கிடந்தது."
கீறினவன் வரவில்லை.
அதை அவ சொல்லவில்லை,
வாளியின் கயிற்றைத்தான் சுருட்டினா.

ஐந்தடி அகல உலகம்.
நடுப்பகலில் இருபது நிமிடம் மட்டும் சூரியன்.
விழுந்த பூவரசம் இலை, நுளம்புப் புழு,
வருசா வருசம் கொஞ்சம் மழை.
இவ்வளவுதானா போதும்?
இவ்வளவும் வேண்டியிருந்ததா?
தொலைநோக்கியால் பார்ப்பவர்கள்
ஒரு புள்ளியை இப்படித்தான் எட்டிப் பார்ப்பார்கள்,
தலையை மறைக்காமல், வெளிச்சத்துக்கு வழிவிட்டு.

உகந்ததல்ல என்ற கட்டத்தில் சரி போட்டேன்.
குறிப்புகள் என்ற இடத்தில்
ஆமை ஒன்று, உயிருடன் என்று எழுதினேன்.
கந்தோரில் அதை வெட்டிவிடுவார்கள்.

"அப்ப என்ன மாதிரி, நல்லதண்ணியோ?"
"மாரி வரட்டும் அக்கா."

தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா.
சீனி நிறையப் போட்டிருந்தா.
அதற்குள்ளும் உப்புத் தெரிந்தது.
மிச்சம் வைக்காமல் குடித்தேன்.